ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியவில்லை, மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை என்று போன வருடம் டாக்டரிடம் போனாள். முடக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டாள், நன்றாகவும் இருந்தாள். போன வாரம் பார்த்தால் இரண்டு மணிக்கட்டும் வீங்கிக் கிடக்கிறது. கேட்டால், "அது கேன்சர் மாத்திரையாம் டீச்சர். வாட்ஸ்அப்ல வந்துச்சு. ஒன்றரை மாசமா நிறுத்திட்டேன்" என்கிறாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதே இடத்தில் நின்றவள்தான்.

எனக்கு 47 வயதில் இந்த நோய் வந்தது. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவி விழும். முன் பெஞ்சுப் பிள்ளைகள் ஓடிவந்து எடுத்துக் கொடுப்பார்கள். ஊர்ப்பக்கம் இதைச் சரவாங்கி என்பார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒருவரிடம் போய்ப் பொட்டலப் பொடி வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. எட்டு மாதம் சாப்பிட்டேன். முகம் உப்பியது, "டீச்சர் பூசினாப்போல இருக்காங்க" என்று சொன்னார்கள். பிறகு சர்க்கரை ஏறியது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். அதைப் படிப்படியாக நிறுத்த வைத்து வேறு சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் இருந்தவன் என் பழைய மாணவன். சீட்டைப் பார்த்தவன் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், இது கேன்சருக்குக் கொடுக்கிற மாத்திரை. உங்களுக்கு எதுக்கு டீச்சர்?" என்று கேட்டான். அவனுக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. ஓய்வு பெற்றபின் நேரம் கிடைத்தபோது தேடித் தேடிப் படித்தேன். நான் டாக்டர் இல்லை, ஆசிரியப் பயிற்சி முடித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். அதனால் இதை மருத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வரலாற்றுப் பாடமாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. வயதானால் முழங்கால் தேய்கிறதே, அது வேறு. முடக்குவாதத்தில் நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. அதிகமாகப் பெண்களுக்கு வருகிறது. கவனிக்காமல் விட்டால் எலும்பை அரித்து விரல்களைக் கோணலாக்கிவிடும். 1800-இல் பாரிஸில் லாந்த்ரே போவே என்ற இளம் மருத்துவர் சால்பேத்ரியே மருத்துவமனையில் பார்த்த பெண்களை வைத்து இதைத் தனி நோயாக எழுதினார். இன்றைய ஆங்கிலப் பெயரை 1859-இல் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் கரோட் வைத்தார். பெயர் வைத்தார்களே தவிர மருந்து இல்லை. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, துணி சுற்றிய, சுருண்டுபோன விரல்களுக்கிடையே தூரிகையைச் செருகி வரைந்தார். அந்தப் புகைப்படம் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். 1919-இல் இறக்கும்வரை அவருக்கு இருந்ததெல்லாம் வலி குறைக்கும் மருந்துகள் மட்டும்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு கூத்து நடந்தது. உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் கிருமிதான் மூட்டைக் கெடுக்கிறது என்று பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். முடக்குவாதக்காரர்களின் நல்ல பற்களைப் பிடுங்கினார்கள், டான்சிலை அறுத்தார்கள். நோயாளிக்குப் பல் போனதுதான் மிச்சம். இதைச் செய்தவர்கள் போலிகள் இல்லை, படித்தவர்கள். பிடுங்கியவர்களையும் பிடுங்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதே கிருமி நம்பிக்கையில் வந்ததுதான் தங்க ஊசி. தங்கம் சேர்ந்த ஒரு உப்பு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது என்று 1890-இல் ராபர்ட் கோக் சொல்லியிருந்தார். முடக்குவாதமும் காசநோய்க்கு உறவு என்று நினைத்த பிரெஞ்சு மருத்துவர் ஜாக் ஃபாரஸ்டியே 1929-இல் தங்க உப்பை ஊசியாகப் போட்டார். அவர் நினைத்த காரணம் தவறு. ஆனால் பலருக்கு வீக்கம் குறைந்தது! கூடவே தோலில் தடிப்பு, சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கோளாறு எல்லாம் வந்தன. நல்லதா கெட்டதா என்று இருதரப்பும் வருடக்கணக்கில் வாதாடின.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரு நல்ல வழியைக் காட்டியவர் கிளாஸ்கோ நகரின் தாமஸ் ஃப்ரேசர். 1945-இல் அவர் வெளியிட்ட சோதனையை நான் நம் பள்ளிக்கூட மொழியில் சொல்கிறேன். பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்து டம்மி நம்பர் போடுகிறோம் அல்லவா? திருத்துகிறவருக்கு இது யார் பிள்ளை என்று தெரிந்தால் கை தானாக ஒரு மதிப்பெண் கூடவோ குறையவோ போட்டுவிடும். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, மனிதர் என்பதால். ஃப்ரேசரும் அதைத்தான் செய்தார். பாதிப்பேருக்குத் தங்க ஊசி, மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்து முடிவு எழுதுகிறவருக்கும் தெரியாது. முடிவில் தங்கம்தான் வென்றது. ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு: வெறும் ஊசி போட்டவர்களிலும் கணிசமானவர்கள் தேறியிருந்தார்கள்.

இந்த நோயின் குணம் அது. ஒரு மாதம் ஏறும், இரண்டு மாதம் தானாக இறங்கும். ஏறியிருக்கும் நேரத்தில்தான் நாம் வைத்தியம் தேடி ஓடுகிறோம். அடுத்து இறங்கும்போது கையில் எது இருக்கிறதோ, அதுவே மருந்து என்று பெயர் வாங்கிவிடுகிறது. எண்ணெய், செப்புக் காப்பு, பக்கத்து ஊர்க் கஷாயம் எதுவானாலும் சரி. "எனக்குக் கேட்டுச்சு" என்று சத்தியம் செய்கிறவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு "அவர்" இல்லை, அதுதான் குறை.

ஒப்பீட்டை அரைகுறையாகச் செய்தாலும் ஆபத்துதான். ஸ்வீடனில் நானா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், அந்த நாட்டின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியர், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சல்பாசலசின் என்ற மருந்தை முடக்குவாதத்துக்கென்றே உருவாக்கச் செய்தார். 1949-இல் எடின்பரோவில், சரியாக வடிவமைக்கப்படாத ஒரு ஒப்பீடு அந்த மருந்து பயனில்லை என்றது. உடனே மூலையில் போட்டார்கள். ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து பர்மிங்காமில் மெக்கான்கி என்பவர் தூசி தட்டி எடுத்தார். இன்று உலகம் முழுவதும் கொடுக்கிறார்கள். ஒரு வினாத்தாள் பிழையால் நல்ல மாணவி முப்பது வருடம் ஃபெயிலாக இருந்த கதை இது.

அந்த 1949-இல் எடின்பரோ முடிவை யாரும் மறுத்துக் கேட்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். அந்த வருடம் உலகமே வேறொரு மருந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் இருந்தார். பேச்சில் உதட்டுப் பிளவின் தடங்கல் உள்ளவர், பார்வையில் கூர்மையானவர். மஞ்சள் காமாலை வந்தால் முடக்குவாத வலி தற்காலிகமாக மறைகிறது என்பதை 1929-இலேயே கவனித்தார். கர்ப்ப காலத்திலும் அப்படியே. அப்படியானால் உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு மருந்து சுரக்கிறது என்று கணித்தார். அங்கேயே வேலை பார்த்த வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து பல பொருட்களைப் பிரித்து எழுத்து எழுத்தாகப் பெயரிட்டு வைத்திருந்தார். மெர்க் நிறுவனம் மாட்டுப் பித்தநீரிலிருந்து அதில் ஒன்றைப் பெரும்பாடுபட்டுக் கொஞ்சம் தயாரித்தது. 1948 செப்டம்பர் 21 அன்று, படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போட்டார்கள். சில நாளில் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய் வந்தார். அதுதான் கார்ட்டிசோன்.

ஊசிக்கு முன்னும் பின்னும் நோயாளிகளைப் படம் பிடித்து, 1949 வசந்தத்தில் மருத்துவர்கள் கூட்டத்தில் திரையிட்டார்கள். ஊன்றி ஊன்றி நடந்தவர்கள் படியேறிப் போவதைப் பார்த்து அரங்கமே கைதட்டியது. 1950-இலேயே ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டீன் மூவருக்கும் நோபல் பரிசு. முதல் ஊசி போட்டு இரண்டு வருடம் சொச்சம்தான்! இது குணப்படுத்தும் மருந்தல்ல என்று ஹென்ச்சே எச்சரித்தார். யார் காதில் விழுந்தது? அதிக அளவில் தொடர்ந்து போட்டவர்களுக்கு முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, வயிற்றில் இரத்தம் கசிந்தது, சிலருக்குப் புத்தி தடுமாறியது. நிறுத்தினால் நோய் திரும்பி வந்தது. என் பொட்டலப் பொடியின் வரலாறு இதுதான் என்று படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் எழுந்து நடந்த அந்தப் பெண்ணின் சந்தோஷம் எனக்குத் தெரியும்.

பிரிட்டிஷ்காரர்கள் நிதானமாக ஒரு காரியம் செய்தார்கள். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர், தானே காசநோயில் கிடந்து எழுந்தவர், ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் நோயாளிகளைக் குலுக்கல் போட்டுப் பிரிக்கும் முறையை 1948-இல் காட்டியிருந்தார். அதே வழியில், நோய் தொடங்கிய நிலையில் இருந்த சுமார் அறுபது பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குக் கார்ட்டிசோன், மறு பகுதிக்குச் சாதாரண ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 1954-இல் முடிவு வந்தது. ஒரு வருட முடிவில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நோபல் பரிசு வாங்கிய மருந்தும் காலணா ஆஸ்பிரினும்!

ஸ்டீராய்டுக்கு நியாயமும் சொல்லிவிட வேண்டும். சின்ன அளவில், டாக்டர் கண்காணிப்பில் கொடுத்தால் அது மூட்டு அரிப்பைக் குறைக்கிறது என்று 1995-இல் பிரிட்டனில் கிர்வான் என்பவர் நடத்திய சோதனை காட்டியது. ஒரு நாளைக்கு ஏழரை மில்லிகிராம்தான். அளவும் பெயரும் எழுதாத பொட்டலத்தில்தான் அது விஷமாகிறது.

இப்போது என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்குத் திருவல்லிக்கேணிக்குப் போக வேண்டும்.

எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த தெலுங்குக்காரர். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் எழுதித் தேறினார். (தோற்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.) சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பைக் கேட்டு கதர் அங்கி அணிந்து அறுவை சிகிச்சை அறைக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், முழுப் பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். 1923-இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். பின்னால் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரானார்.

அதே திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரியில் 1931 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் வேலை பார்த்தார். பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தவர், குன்னூரிலும் ஆய்வு செய்தவர். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பசையில் அந்த இரத்தசோகையைப் போக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த "ஏதோ ஒன்று"தான் ஃபோலிக் அமிலம். 1945-இல் சுப்பாராவின் குழு அதை ஆய்வகத்தில் செய்து காட்டியது. பிறகு அதைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் போலிச் சாவிகளையும் செய்தார்கள். பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அதில் ஒன்றான அமினோப்டெரினை இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948 ஜூனில் வந்த அறிக்கையில் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்திருந்தது. அதற்கு முன் அந்த நோய்க்கு அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். ஆறு வாரம் கழித்து மேயோ கிளினிக்கில் முதல் கார்ட்டிசோன் ஊசி.

1951-இல் நியூயார்க்கில் குப்னர் என்பவர் அமினோப்டெரினை முடக்குவாதக்காரர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார். மூட்டு வீக்கம் குறைந்தது, கூடவே சொரியாசிஸ் என்ற தோல் நோயும் தணிந்தது. தோல் மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டை அவர்கள்தான் வளர்த்தார்கள். மூட்டு மருத்துவர்களோ கார்ட்டிசோன் மயக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. புற்றுநோய் மருந்தை மூட்டு வலிக்கா கொடுப்பது என்ற பயமும் இருந்தது. ஆம், என் மாணவனும் வாட்ஸ்அப்பும் கேட்ட அதே கேள்வியைத்தான் அமெரிக்க மருத்துவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் ஊரில் ரெக்ஸ் ஹாஃப்மைஸ்டர் என்ற மருத்துவர் மட்டும் 1960-களின் கடைசியிலிருந்து சத்தமில்லாமல் வாரம் ஒரு தடவை, சின்ன அளவில் கொடுத்துக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். 15 வருடம், 78 நோயாளிகள் என்று 1983-இல் அவர் எழுதியபின்தான் மற்றவர்கள் அசைந்தார்கள். அடுத்த இரண்டே வருடத்தில் முறையான சோதனைகள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று சுப்பாராவ் வாழ்ந்த அதே பாஸ்டனில் நடந்தது. வைன்பிளாட் என்பவர் 28 நோயாளிகளைப் பிரித்து, 12 வாரம் மருந்து, 12 வாரம் வெறும் மாத்திரை என்று மாற்றிக் கொடுத்தார். மருந்து சாப்பிட்டபோது தணிந்தது. வெறும் மாத்திரைக்கு மாறியதும் சில வாரத்திலேயே வீக்கம் திரும்பியது. 1988-இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு இதை அனுமதித்தது. குப்னர் பார்த்ததிலிருந்து கணக்குப் போட்டால் 37 வருடம். அத்தனை வருடத்தில் எத்தனை விரல்கள் கோணிப்போயிருக்கும்.

கேன்சர் மாத்திரையா என்றால், ஆம், அதேதான். ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஏழரை முதல் 25 மில்லிகிராம் வரை. புற்றுநோய்க்குச் சில சமயம் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதைத் தடுக்கச் செய்த மருந்தோடு அதையே கொடுப்பதா என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. 1990-களில் அலபாமாவில் நடந்த சோதனைகளில், அப்படிச் சேர்த்தால் தொல்லை குறைகிறது, மருந்தின் பலன் குறையவில்லை என்று தெரிந்தது.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இது வாரம் ஒரு தடவை மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. சீட்டில் கிழமையை எழுதித் தரச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும்போதும், கருத்தரிக்கத் திட்டமிடும்போதும் கூடாது. குடிப்பழக்கம் உள்ளவர் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. இரத்தமும் ஈரலும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்குப் பிந்திய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-களில் லண்டனில் மைனி, ஃபெல்ட்மன் இருவரும் வீக்கத்தைத் தூண்டும் ஒரு பொருளை நேரடியாகத் தடுக்கும் ஊசிகளுக்கு வழி திறந்தார்கள். அருமையான மருந்துகள், ஆனால் விலை அதிகம். உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால் அதற்கு முன்சோதனை அவசியம். நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதலான சோதனைகள் வேறு இரண்டு. 2004-இல் கிளாஸ்கோவில், மாதாமாதம் நோயாளியைப் பார்த்து, மூட்டுகளை எண்ணி, தணியும்வரை பழைய மருந்துகளையே கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வழக்கம்போல் பார்த்துக்கொண்டவர்களில் 16 சதவீதம்தான். 2013-இல் அமெரிக்காவில் ஓடெல் குழு 353 பேரிடம் நடத்திய சோதனையில், மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதவர்களுக்கு அதோடு சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் சேர்த்த மலிவான மூன்று மாத்திரைக் கூட்டு, விலை உயர்ந்த ஊசியோடு மெத்தோட்ரெக்சேட் சேர்த்ததற்குச் சளைத்ததாக இல்லை. நானா ஸ்வார்ட்ஸின் மருந்து அங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

இதையெல்லாம் நான் அந்தப் பெண்ணிடம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னேன். பாதிக்கு மேல் அவள் என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல் கோணல், அது பொட்டலப் பொடி காலத்தில் போனது. மற்றவை நேராக இருக்கின்றன. 17 வருடமாக ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாத்திரை, காலண்டரில் வட்டம்.

"சுப்பாராவ் இரண்டு தடவை ஃபெயிலா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். அவள் பெரிய பையன் கணக்கில் ஃபெயில்.

நிறுத்தியதை மறுபடி தானாகத் தொடங்க வேண்டாம், முதலில் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு டாக்டர் சொல்லட்டும் என்றேன். வியாழக்கிழமை புறநோயாளிப் பிரிவில் டாக்டர் இருக்கிறார். காலை ஆறரை பஸ்ஸுக்கு நானும் அவளோடு போகிறேன்.